காதுக்காரர் கிட்டார் வாங்கிய கதை

எனக்குக் கோபம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் அண்ணனைப் பற்றிய கதை, அவருக்குக் கோபமே வராது. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்துவிட்டுப் போன கோபம் முழுவதையும் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

அவர் வேலை செய்யும் நூற்பாலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்பார்கள். இருபத்தொன்பது வருடமாக அவர் வேலை, ஓடுகிற இயந்திரத்துக்கு என்ன நோய் என்று கேட்டுச் சொல்வது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை, சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் இருக்கும் கூட்டின் மேல் ஊன்றுவார். கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு, "இன்னும் மூணு நாள் ஓடும், அதுக்கு மேல ஓட்டினா தண்டையும் சேத்துத் தின்னுடும்" என்பார். கழற்றிப் பார்த்தால் உள்ளே குண்டுகள் தேய்ந்து கிடக்கும். புதியதை மாட்டி நட்டை இறுக்கியதும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுப்பார். நட்டு நகர்ந்தால் கோடு இரண்டாக விலகிவிடும், யார் பார்த்தாலும் தெரியும். அவர் கோடு போட்ட நட்டை அவரைக் கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள்.

அந்த ஆலைக்குள் நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். நான் தையல்காரி, சீருடைக்கு அளவெடுக்கப் போனேன். கால் மணி நேரத்தில் பல்லெல்லாம் கூசியது. அங்கே வேலை செய்பவர்களுக்குக் காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுக்கிறார்கள். அண்ணன் மட்டும் போட்டதில்லை. காதை அடைத்துக்கொண்டால் பேரிங்கை எதால் கேட்பது? ஒரு தடவை காது இரைகிறது என்று தனக்கும் ஒரு ஜோடி கேட்டிருக்கிறார். "நீயும் அடைச்சுக்கிட்டா மெஷினுக்கு யாருப்பா காது குடுப்பா" என்று ஷிப்ட் அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தாராம். அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார் இந்த மனிதர். அந்த வருடமே சிறந்த செவித்திறனுக்காக என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அதைப் பார்க்கும்போது எனக்குக் கை துறுதுறுக்கிறது.

இனி பாட்டு விஷயம். பஞ்சு மூட்டை ஏற்றிவரும் லாரிக்காரர் ஒருவர் வண்டியில் எப்போதும் அமெரிக்காவின் கன்ட்ரி பாட்டுகள் ஓடும். அதாவது லாரி ஓட்டுபவன், மாடு மேய்ப்பவன், குடித்துவிட்டு வருந்துபவன் ஆகியோர் தங்கள் துயரத்தை நிதானமாக எடுத்துச் சொல்லும் பாட்டுகள். அண்ணனுக்கு இருபத்தைந்து வயதில் அந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு பாட்டில் பொண்டாட்டி போய்விடுகிறாள், அடுத்த பாட்டில் நாய் செத்துப்போகிறது, மூன்றாவதில் லாரியும் நின்றுவிடுகிறது. "மூணும் ஒரே ஆளுக்கு நடந்துச்சா, இல்ல ஆளாளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டாங்களா" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய மரக் கிட்டாரில் அதைத் திரும்ப வாசித்துக் காட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாசிப்பார்.

அந்த லாரிக்காரர் பெயர் எங்களுக்கு இன்றுவரை ஸ்டியரிங்தான். அவர் பாட, ஒரு டிராயிங் மாஸ்டர் பேஸ் கிட்டாரும் ஒரு பேக்கரிக்காரர் டிரம்ஸும் வாசிக்க, ஒவ்வொரு ஞாயிறு மதியமும் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் கச்சேரி நடக்கும். அண்ணன் பதினொரு வருடமாக அவர்களோடு பின்வரிசையில் மரக் கிட்டாரை வைத்துக்கொண்டு உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்று எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போனபோதுதான் இவருக்கு நேரம் வந்தது. ஸ்டியரிங் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு எலக்ட்ரிக் கிட்டாரோட வந்து நில்லுங்க. எடம் உங்களுக்குத்தான். இல்லைன்னா பேங்க்காரர் ஒருத்தர் சொந்தமா கிட்டார் வெச்சுக்கிட்டு ரெடியா இருக்காரு. அப்புறம் என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

அண்ணன் அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டார். ஒரு மாதச் சம்பளத்துக்குள் கிட்டார் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் சனிக்கிழமை என்னைக் கூட்டிப் போனார். விலையில் பேரம் பேச நான், கிட்டாரைப் பார்க்க அவர்.

கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்து என்னிடம், "ரோட்ல அவருக்கு வலது பக்கமாவே நட" என்றாள். வண்டி போக்குவரத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளும் எப்போதும் அவருக்கு வலது பக்கமாகத்தான் நடப்பாள், சாப்பிடும்போதும் வலது பக்கம்தான் உட்காருவாள். கல்யாணமான நாள் முதல் பழக்கம் போல, இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். எத்தனை பெரிய முட்டாள் நான்.

பஸ்ஸில் அவர் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். கன்ட்ரிக்குத் தடித்த சத்தம் ஆகாது. கிட்டாரில் கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தத்துக்கு பிக்கப் என்று பெயர், அதுதான் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப் என்ற ஒலிப்பெட்டிக்கு அனுப்புகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் வேண்டும், அதுவும் கம்பி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும், அப்போதுதான் கம்பி மூக்கால் பேசும். இதையெல்லாம் அவர் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "மெல்லப் பேசு அண்ணா" என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கடுப்பாகி, "உனக்குச் சொல்றது செவிடன் காதுல ஊதின சங்கு" என்றேன். அவர் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் இன்னும் முள்ளாகக் கிடக்கிறது.

கடை மாடியில் இருந்தது. சுவர் முழுவதும் கிட்டார்கள் கொக்கியில் தொங்கின. முடியைக் கொண்டை போட்ட ஒரு விற்பனையாளர் வந்து அண்ணனின் செருப்பிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

"அங்கிள், பையனுக்கா?" என்றார்.

"எனக்குத்தாம்பா. கன்ட்ரி வாசிக்க. வெல கம்மியா இருக்கணும்."

அவர் நேராகப் போய் நெருப்பு நிறத்தில் கூர் கூராக இருந்த ஒன்றைக் கொண்டுவந்தார். "இது நல்லா மூவ் ஆகுது." நல்லா மூவ் ஆகுதாம். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்து, "இதுல ரெட்டைச் சுருள் பிக்கப் இருக்கே, தடியா வரும்" என்றார். அடுத்தது பாதி உள்ளீடு இல்லாத பெரிய உடம்புக் கிட்டார், விலைச் சீட்டைப் பார்த்ததும் நானே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதாக அண்ணனே ஒரு மூலையைக் காட்டினார். அங்கே பலகையை வெட்டிவைத்த மாதிரி, ஒரு அலங்காரமும் இல்லாமல், ஒரே விதமான கிட்டார்கள் ஐந்து தொங்கின. ஒரு பக்கம் மட்டும் வளைவு, இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப், நான்கு திருகு போட்டு இறுக்கிய கழுத்து, இரண்டே இரண்டு குமிழ்கள். ஒரு குமிழ் சத்தத்துக்கு, இன்னொன்று டோனுக்கு. அதாவது ஒலியைக் கூராக்கவோ மழுங்கடிக்கவோ.

விற்பனையாளர் ஒன்றை ஆம்பில் சொருகி வாசித்துக் காட்டினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அதே லாரி, அதே நாய், அதே போய்விட்ட பொண்டாட்டி. கம்பி நிஜமாகவே மூக்கால் பேசியது. "அண்ணா, இதுதானே" என்றேன்.

அண்ணன் வாங்கி இரண்டு வரி வாசித்தார். முகம் சுருங்கியது. "மந்தமா இருக்கே" என்றார்.

டோன் குமிழை முழுவதும் திருப்பினார். "இன்னும் மந்தம்தான்." ஆம்பில் கூர் ஒலிக்கு ஒரு குமிழ் இருந்தது, அதையும் கடைசிவரை திருப்பினார். வாசித்தார். தகரத்தில் ஆணியால் கிழிக்கிற சத்தம் வந்தது. பியானோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டு, "இப்பதான் கொஞ்சம் பரவால்ல" என்றார்.

விற்பனையாளர் அண்ணனின் இடது பக்கத்தில், ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். கல்லாக்காரரைப் பார்த்து, குரலைக்கூடத் தாழ்த்தாமல், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வராதுதான், ஆனால் யாராவது சீண்டினால் பதிலுக்கு ஒரு சின்னக் கேலியாவது சொல்லாமல் விடமாட்டார். இப்போதோ, கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். நான் சுற்றிக்கொண்டு அவரது இடது பக்கம் போனேன். சாதாரணக் குரலில், "அண்ணா, உன் தோள்ல பல்லி" என்றேன்.

அண்ணனுக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் ஒரு பல்லிக்காக மாடிப்படியிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டவர். அசையவே இல்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் மட்டும் கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. அப்போது ஏனோ இதுதான் என் மனதில் ஓடியது.

கிட்டாரை அவர் கையிலிருந்து வாங்கி விற்பனையாளர் கையில் திணித்தேன். அண்ணனைக் கையைப் பிடித்துப் படியிறக்கி நடைபாதைக்குக் கொண்டுவந்தேன். வலது பக்கம் நின்றுகொண்டேன்.

"எத்தனை வருஷமா?"

"என்னது?"

"நடிக்காத. காது எத்தனை வருஷமாக் கேக்கல?"

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். "எடது பக்கம் ஆறு வருஷமா சுத்தமா இல்ல. வலதுல கீழ்ச் சத்தம் வருது. மேல் சத்தம் வரல. குருவி, கொலுசு, காலிங் பெல், இதெல்லாம் போச்சு."

"அப்ப மெஷினை எதால பாக்குற?"

அவர் பைக்குள் கைவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினார். எங்கே போனாலும் அது கூடவே இருக்கும். கைப்பிடி முழுவதும் பல் பதிந்த குழிகள்.

"யாரும் பாக்காதப்ப கடிச்சுக்குவேன். பேரிங் போச்சுன்னா தாடைக்குத் தெரியும்."

"ஆறு வருஷமா ஒருத்தனும் பாக்கலையா?"

"காதுக்காரர் சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டாங்க. எப்படிக் கேக்குறேன்னு எவன் பாத்தான்?"

"வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கிறாங்களே?"

"அது ஒரு நர்ஸம்மா வந்து பேரைக் கூப்பிட்டு, கேக்குதான்னு கேக்கும். கேக்குதும்பேன். கையெழுத்து வாங்கிக்கும்."

ஓர் ஆளின் காதைப் பரிசோதிப்பதற்கு அவன் முகத்துக்கு நேராக நின்று சத்தமாகக் கேக்குதா என்று கேட்பார்களாம். வாயைப் பார்த்தே யாரும் பதில் சொல்லிவிடலாம். அந்த ஆலை மேல் கோபம் வந்தது. முதுகில் தட்டிய அந்தக் கை மேல் கோபம் வந்தது. தங்கள் இயந்திரத்துக்கு ஒரு கீறல் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு மனிதனின் காதைக் கடன் வாங்கி, அதைத் தேய்த்து முடித்துவிட்டுச் சட்டம் போட்ட காகிதம் கொடுத்திருக்கிறார்கள். இந்த மனிதர் மேலும் கோபம் வந்தது. இவருக்குக் காதுக்காரர் என்ற அந்தப் பட்டம் காதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. டிவி சத்தத்தைக் குறை குறை என்று ஆறு வருடமாக அவரோடு சண்டை போட்ட என் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம் வந்தது.

"திங்கட்கிழமை நான் ஆலைக்கு வர்றேன். அந்த அதிகாரியை நாலு கேள்வி கேக்காம விடப்போறதில்லை."

"கேட்டா என்ன ஆகும்? காது கேக்காத காதுக்காரனை வேலைல வெச்சிருப்பாங்களா? ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவேன்." சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டார்: "அங்க நான் வாசிச்சது அவ்வளவு மோசமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். காதுக்காரர் காதுக்காரர் என்று ஆறு வருடமாக எல்லோரும் அவரிடம் பொய்யைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "காதைக் கிழிச்சிருச்சு அண்ணா. குமிழைத் திருப்புறதுக்கு முன்னாடிதான் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நாளைக்கு இப்படிப் போய் வாசிச்சா ஒரே பாட்டுல எழுப்பி விட்டுருவாங்க இல்ல" என்றார். பதினொரு வருடம் காத்திருந்த மனிதர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, வா. எனக்குக் கேக்கலைன்னா என்ன, கிட்டாருக்கு என்ன கொறை இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று அவரே முன்னால் படியேறினார்.

கடைக்குள் நுழைந்ததும், "தம்பி, ஆம்பை அணைச்சிருங்க. அந்த அஞ்சையும் எடுத்து மேசையில வைங்க" என்றார். அதட்டவில்லை. ஆனால் ஆலையில் அவர் இப்படித்தான் பேசுவார் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் கொண்டைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார்.

அண்ணன் முதல் கிட்டாரை மார்போடு அணைத்து, குனிந்து, அதன் மேல் ஓரத்தைப் பல்லால் மெல்லக் கவ்விக்கொண்டார். கண்ணை மூடினார். ஒரு கம்பியை மட்டும் மீட்டி, அப்படியே காத்திருந்தார்.

"அங்கிள், கடிக்காதீங்க அங்கிள்" என்று விற்பனையாளர் பாய்ந்து வந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். அதற்கப்புறம் நான் பேசியதை முழுவதும் இங்கே எழுத முடியாது. கூடம் கோணலா இல்லையா என்று இப்போது தெரியும், வாயை மூடிக்கொண்டு நில் என்பது அதன் சாரம். மீதியைக் கல்லாக்காரர் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல அதிர்வு சீக்கிரம் செத்துப்போகுது" என்று முதல் கிட்டாரை அண்ணன் தள்ளிவைத்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கழுத்தைத் தொட்டு, "இதுல ஒரு திருகு லூஸு" என்றார். விற்பனையாளர் நம்பாமல் திருப்பிப் பார்த்தார். நான்கில் ஒன்று அரைச் சுற்றுச் சுற்றியது. நான்காவதில் கம்பி எங்கேயோ உரசுகிறது என்றார். ஐந்தாவது யாரோ வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பழசு, கீழ் ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. அதைக் கவ்விக்கொண்டு ஒரு கம்பியை மீட்டியவர் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கி, பதினேழு வரை வந்தபிறகும் அவர் தாடை அப்படியே இருந்தது.

"இது நிக்குது" என்றார். "நீங்களே காதை மரத்துல வெச்சுப் பாருங்க தம்பி."

கொண்டைக்காரர் குனிந்து காதை வைத்தார். அண்ணன் மீட்டினார். அவர் நிமிர்ந்தபோது முகத்திலிருந்த இளக்காரம் காணாமல் போயிருந்தது. "ஆமா சார்" என்றார். அங்கிள் போய் சார் வந்தது.

பிறகு என் வேலை. என் கழுத்தில் இருந்த நைலான் துப்பட்டாவை எடுத்து, கழுத்துப் பலகையின் விளிம்போடு மேலிருந்து கீழே இழுத்தேன். விரல் வைக்கும் இடங்களில் பதித்திருக்கும் கம்பித் துண்டுகளின் முனை கூராக இருந்தால் துணி மாட்டும். இரண்டு இடத்தில் மாட்டியது. துணியில் இழுத்துக்கொண்ட நூலை விற்பனையாளரிடம் காட்டி, அதற்குக் கொஞ்சம் விலை குறைத்தேன். பெயர்ந்த பெயின்டுக்குக் கொஞ்சம் குறைத்தேன். அவர் மேல் ஓரத்தைத் தடவி, "இங்க பல் பதிஞ்சிருக்கே மேடம், இது முன்னாடி இல்லையே" என்றார்.

"அதுக்கும் சேத்துக் கொறைங்க. பல் பதிஞ்சதை வேற யாரு வாங்குவா?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அண்ணியைத்தான் பிடித்தேன். "உனக்குத் தெரியும். எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "சொன்னா நீ நேரா ஆலைக்குப் போய்ச் சத்தம் போடுவ. அவரு வேலை போயிரும். அதான் வலது பக்கம் நடந்துட்டே இருந்தேன்" என்றாள். ஆறு வருடம் ஒரே பக்கமாக நடந்திருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

கூடத்தில் அண்ணன் ஸ்டியரிங்கிடம் இரவல் வாங்கிய சின்ன ஆம்பில் கிட்டாரைச் சொருகி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் அந்தச் சான்றிதழ். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நான் கம்பியை மீட்டிட்டு டோனை மெதுவாத் திருப்பிட்டே வர்றேன். எங்க நல்லா இருக்கோ, அங்க நிறுத்தச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? ஸ்டியரிங்கைக் கேளு."

"கடையில நீதானே இதுதான்னு சொன்ன."

அவர் திருப்பினார். முதலில் மழுங்கலாக இருந்தது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. பிறகு அந்த லாரி வந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் தகரம் வந்தது. "திரும்பி வா. இன்னும் கொஞ்சம். நில்லு" என்றேன்.

அவர் அதே இடத்தில் வைத்து ஒரு பாட்டு வாசித்தார். எங்கள் அம்மாகூட உட்கார்ந்து கேட்டிருப்பாள், அப்படி இருந்தது. அண்ணி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணன் முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. கம்பளிக்குள் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணா."

"எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, டோன் குமிழின் மேலும் அதற்கடியில் இருந்த தகட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். அது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து புழக்கடைக்குப் போய்விட்டேன். அழுகையா கோபமா என்று கேட்டால் எனக்கு அப்போது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு மதியம் கடை நிரம்பியிருந்தது. லாரிக்காரர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள். பேங்க்காரர் முன் மேசையில், பளபளக்கும் கிட்டார்ப் பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தார். பின் மேசையில் ஷிப்ட் அதிகாரி மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை அங்கே பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

டிரம்ஸ் அண்ணனின் வலது பக்கம் வரும்படி ஸ்டியரிங்கிடம் சொல்லி மாற்றி வைத்திருந்தேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல் பாட்டு சுமாராகப் போனது. இரண்டாவது பாட்டில், நடுவில் பாடுபவர் நிறுத்திக்கொள்ள கிட்டார் மட்டும் தனியாகப் பேச வேண்டிய இடம் வந்தது. அண்ணன் இரண்டடி முன்னால் வந்தார். கம்பியை வளைத்தார். நாலு வரி வாசித்ததும் அவர் வலது கை தன்னால் டோன் குமிழுக்குப் போனதைப் பார்த்தேன். தன் கையால் வாசிப்பது தனக்கே கேட்காமல் ஒரு மனிதன் எத்தனை நேரம் நிற்பான்? விரல் குமிழைத் தொட்டது. திருப்பினால் அவருக்குக் கொஞ்சம் கேட்கும். எங்கள் எல்லோருக்கும் தகரம்.

அவர் குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். கிட்டாரைத் தாடை வரை தூக்கி, அந்தப் பல் பதிந்த இடத்தை மறுபடி கவ்விக்கொண்டு, கண்ணை மூடி மீதியை வாசித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. பாட்டு முடிந்ததும் யாரோ மேசையைத் தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அண்ணன் எங்கள் பக்கம் பார்த்தார். அண்ணி தலையசைத்தாள். பேங்க்காரர் பெட்டியை நாற்காலியிலிருந்து கீழே இறக்கி வைத்துவிட்டு ஒரு டீ சொன்னார்.

கச்சேரி முடிந்து அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஷிப்ட் அதிகாரி சாப்பாட்டுத் தட்டோடு மேடைக்குப் போனார். அண்ணனின் இடது பக்கம் போய் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க மில்லோட சொத்துய்யா நீ. அந்தக் காது இருக்கே, அந்தக் காது" என்றார் சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி. அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அதிகாரி சிரிப்பு மாறாமல் மறுபடியும் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். இந்த முறை அண்ணி பிடிக்கவில்லை, அவளும் எழுந்துவிட்டாள்.

நாங்கள் மேடைக்குப் போய்ச் சேருவதற்குள் அண்ணன் பக்கத்தில் விழுந்த நிழலைப் பார்த்துத் திரும்பினார். அதிகாரியின் வாயைப் பார்த்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். ரெண்டு வருஷம் என்று சொன்ன அதே மனிதர், ஒயரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸில் பேசிய அதே பெரிய குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சார், அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காது. உங்க மெஷின் தின்னு ஆறு வருஷமாச்சு. எதுவா இருந்தாலும் இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அதிகாரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, ஆம்பையும் ஒயரையும் தாண்டி, அண்ணனுக்கு வலது பக்கமாகச் சுற்றி வந்தார். அங்கே நான் நின்றிருந்தேன்.